டேஷ்போர்டுக்கு உள்ளிருந்து ஒரு தட்டு

நான் சுண்டு. வீட்டில் யாரும் என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதுவே போதும். வயது இருபத்து மூன்று. ஆஸ்பத்திரி நடைவழியில், அத்தான் படுத்திருக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. அக்கா காலையிலிருந்து கேட்பது ஒன்றுதான்: அத்தானை எப்போது விமானத்தில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவாய்? அதற்குப் பதில் சொல்லும் முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று மதியம் நானும் அத்தானும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டில் நாங்கள் வேலை பார்க்கும் இந்தப் பட்டறைக்கு ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. ஓட்டி வந்தவர் சாவியை அத்தான் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்தார்.

"ஏசி போட்டாலும் தட்டுது, ஹீட்டர் போட்டாலும் தட்டுது. உள்ள யாரோ இருக்கிற மாதிரி."

"தட்டினா கதவைத் திறந்துவிட வேண்டியதுதானேண்ணே," என்றார் அத்தான்.

அவர் சிரிக்கவில்லை. எப்போது வந்து எடுப்பீர்கள் என்று கேட்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

ஏசியில் சத்தம் என்றால் பெரும்பாலும் காற்றாடியில் சருகு சிக்கியிருக்கும். அத்தான் சீட்டுக்கு முன்னால் தலையை நுழைத்து, டேஷ்போர்டின் அடியிலிருந்த காற்றாடியை மோட்டாரோடு கழற்றி மேசைமேல் வைத்தார். சருகு இல்லை, உடைசல் இல்லை. அது இருந்த இடத்தில் கருப்பாக ஒரு பொந்து. யாரோ முகத்துக்கு நேரே வாய் திறந்து மூச்சு விட்டது போல அதிலிருந்து ஒரு வெதுவெதுப்பான வாடை வந்தது.

"எலி செத்திருக்கும் மச்சான். பேயறைஞ்ச மாதிரி நிக்காத. உங்க அக்காகூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவன் நான், இதுக்கெல்லாம் பயப்படுவனா?"

அடுத்து எஞ்சின் பக்கம், ஏசியைச் சுழற்றும் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். பானெட்டைத் தூக்கிவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு முன்னால் நிற்பவரைத் தெரியாது. பட்டறை இரைச்சலில் குரலும் கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அத்தான் தகரத்தில் ஒருமுறை தட்டினால் ஸ்டார்ட் பண்ண வேண்டும். இருமுறை தட்டினால் நிறுத்த வேண்டும். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அது பிசகியதில்லை.

நான் உட்கார்ந்து சாவியில் கை வைத்துக் காத்திருந்தேன்.

டக்.

சாவியைத் திருப்பினேன். திருப்பிய பிறகுதான் உறைத்தது. அந்தத் தட்டின் அதிர்வு என் முழங்காலில் பட்டிருந்தது.

அது பானெட்டிலிருந்து வரவில்லை.

அத்தான் அலறிய அலறலை நான் அக்காவுக்குச் சொல்லப் போவதில்லை. கண்ணாடி முழுக்க ரத்தம் அடித்தது. சாவியை மறுபக்கம் திருப்பினேன். எஞ்சின் நிற்கவில்லை. சாவியைப் பிடுங்கி எறிந்தேன். நிற்கவில்லை. ஓடிவந்த முதலாளி பேட்டரி வயரை அறுத்தெறிந்தார். அப்போதும் அந்த பெல்ட், கரும்பை இழுக்கும் ஆலை மாதிரி, அத்தானின் வலது கையை விரல் விரலாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. எலும்பு நொறுங்குவது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

முதலாளி கத்தியால் பெல்ட்டை வெட்டினார். எல்லாம் அடங்கியது.

நான் அத்தானைத் தரையில் கிடத்தி, சட்டையைக் கழற்றி மணிக்கட்டில் இறுக்கினேன். மணிக்கட்டுக்குக் கீழே இறுக்க எதுவும் இல்லை.

அப்போது காருக்குள் மறுபடி சத்தம். காற்றாடி சுழலும் சத்தம்.

காற்றாடி மேசைமேல் இருந்தது.

"எவன்டா உள்ள?" என்று முதலாளி கடப்பாரையோடு காருக்குள் பாய்ந்தார். அந்தப் பொந்துக்குள் ஓங்கிக் குத்தினார். இரண்டாவது குத்துக்குக் கடப்பாரை திரும்பி வரவில்லை. அதைப் பிடித்திருந்த கையும் வரவில்லை. தோள்வரை உள்ளே போனது. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து அடிப்பது போல அவர் முகம் டேஷ்போர்டில் போய் மோதியது. மறுபடியும். மறுபடியும். நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். எதிர்ப்பக்கம் இழுத்தது என்னைவிட பலசாலி. அதற்கு அலுத்துப்போனபோது விட்டது. பற்களெல்லாம் காரின் கால்மிதியில் கிடந்தன.

முதலாளியின் தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அவரால் பேச முடியாது. போலீஸ்காரர் என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"சாவியைத் திருப்பினது நீதானே?"

நான்தான். இல்லையென்று எப்படிச் சொல்வேன்?

சற்று முன் அத்தான் கண் திறந்தார் என்று நர்ஸ் கூப்பிட்டார். உள்ளே போனேன். வாயில் குழாய். என்னைப் பார்த்ததும் அவர் கண்ணில் நீர் வழிந்தது. நான் குனிந்து கேட்டேன்.

"அத்தான், சத்தியமா சொல்லுங்க. நீங்க தட்டினீங்களா?"

இல்லை என்று தலையை அசைத்தார். இடது கையால் என் கன்னத்தைத் தொட்டார். அவருக்கு என்மேல் கோபமில்லை. எனக்கு அழுகை வந்தது.

டக்.

கட்டிலின் இரும்புக் கம்பியில். போர்வைக்குள்ளிருந்து. வலது பக்கம், கை இல்லாத பக்கம்.

அத்தானுக்கும் அது கேட்டது. கழுத்தைத் திருப்பி அந்தப் போர்வையைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் கண்டதே இல்லை. போர்வை மெல்ல மேலே எழும்பி இறங்கியது. அந்த வெதுவெதுப்பான வாடை என் முகத்தில் அடித்தது.

நான் அவரை விட்டு எங்கும் போக மாட்டேன். சோறு ஊட்டுவேன், குளிப்பாட்டுவேன், அவர் இருக்கும்வரை கூட இருப்பேன். ஆனால் வீட்டில் அக்கா இருக்கிறாள், நடக்கப் பழகும் பாப்பா இருக்கிறாள்.

இதை யார் முதலில் படித்தாலும் தயவுசெய்து அக்காவிடம் சொல்லுங்கள். அத்தானுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.