இடது காதோரம்

செவ்வாயில் நெடுங்குழிக் குடியிருப்பில் யாராவது வேலை நேரத்தில் செத்துப்போனால், பதினோராம் நாள் காலையில் வீட்டுக்குப் புராணி வரும். கோதண்டம் செத்த பதினோராம் நாளும் வந்தது. இடுப்பு உயர இயந்திரம், நாலு சக்கரம், நெற்றியில் ஒரு நீல விளக்கு. கூடவே நினைவுத் துறை அலுவலர் தில்லைநாயகம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன். செவ்வாயில் வாழைப்பழம் லேசில் கிடைக்காது. துக்க வீட்டுக்கு மட்டும் அரசாங்கம் கொடுக்கும்.

"தங்கள் கணவர் பிறந்தபோது வானில் ஏதேனும் அறிகுறி தோன்றியதா?" என்று கேட்டது புராணி.

"அவரு பொறந்தப்ப நர்ஸம்மா தூங்கிட்டிருந்தாங்களாம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாள் பூங்காவனம்.

"பேழையில் வைத்து நீரில் விடப்பட்டாரா?"

"இங்க குடிக்கிற தண்ணியே அளந்துதான் ஊத்துறாங்க. ஆத்துக்கு எங்க போறது?"

சிரிக்காதீர்கள், இது சட்டம். பூமியிலிருந்து வந்தவர்கள் அமைத்த முதல் மூன்று குடியிருப்புகளும் இரண்டு தலைமுறைகூடத் தாங்கவில்லை. காற்று இருந்தது, சோறு இருந்தது, சேர்ந்திருக்க ஒரு காரணம்தான் இல்லை. கூடி ஆராய்ந்த மேதாவிகள், வீரன் இல்லாத ஊர் நிலைக்காது என்று கண்டுபிடித்தார்கள். உடனே புராணியைச் செய்தார்கள். பாலைவனத்தார், பனிநாட்டார், தீவுக்காரர், நடுகல் நட்ட நம் ஆட்கள் என்று பூமியின் அத்தனை மக்களும் சொல்லிவந்த வீரக் கதைகள், மூவாயிரத்துச் சொச்சம், அதன் வயிற்றில் இருந்தன. எல்லாம் ஏறத்தாழ ஒரே கதை. விநோதமாக ஒரு பிறப்பு, ஒரு பூதம், தனியாக ஒரு சண்டை, உடம்பில் ஒரே ஒரு பலவீனமான இடம். செத்தவரின் வாழ்க்கையை அந்த அச்சில் வார்த்துக் கொடுப்பது புராணியின் வேலை.

நடந்தது என்னவோ வேறு. தக்காளிக் கூடத்தின் கூரையில் விரிசல் விட்டது. மின்சாரமும் போயிற்று. இடைக்கதவை மூடாவிட்டால் அறுநூறு பேரின் காற்றும் வெளியே போய்விடும். கதவை மூட ஓர் இரும்புச் சக்கரம் உண்டு, அதற்கு எட்டுக் கைப்பிடி. நாலு பேர் சேர்ந்து தள்ளினால்தான் அசையும். கோதண்டம் பயந்துபோனார். பக்கத்து வீட்டு ஜப்பாரையும் இன்னும் இரண்டு பேரையும் கத்திக் கூப்பிட்டார். நாலு பேருமாகத் தள்ளிக் கதவை மூடினார்கள். கதவு மூடும் அந்த நேரத்தில்தான் கோதண்டத்தின் காற்று முகமூடியின் பட்டி, இடது காதோரம் நைந்திருந்த இடத்தில், அறுந்து முகமூடி கழன்றது.

"பத்து நாளா சொல்லிட்டிருந்தாரு" என்றாள் பூங்காவனம். "பூங்கா, இந்தப் பட்டி நைஞ்சு போச்சு, ரெண்டு தையல் போட்டுக் குடுன்னு. நாளைக்கு நாளைக்குன்னு நான்தான் தள்ளிப் போட்டேன். பாவி நான். அதை எழுது. அவரு பயந்தாருன்னு எழுது. நாலு பேரு தள்ளினாங்கன்னு எழுது. படிக்கிறவங்க வீட்டுக்குப் போயி அவங்கவங்க பட்டியப் பாக்கட்டும். இன்னொருத்தி என்னை மாதிரி உக்காரக் கூடாது."

நீல விளக்கு இரண்டு முறை மினுங்கியது. புராணி வாசித்தது.

"கோதண்டன் என்றொரு மாவீரன். விண்பேழையில் பிறந்தான். அச்சம் அறியான். தன்னந்தனியனாய்ச் சக்கரம் சுழற்றிக் காற்றுப் பூதத்தை அடக்கினான். இடது காதோரம் தவிர அவன் உடலில் வேறெங்கும் மரணத்துக்கு இடமில்லை."

"காதோரமா? அடப் பாவி, அது பட்டிடா!"

"அம்மா, பட்டி விபத்தறிக்கையில் இருக்கிறது. பதினேழாம் பக்கம். இதுவரை அதை இருவர் படித்திருக்கிறார்கள். பட்டியைச் சொன்னால் ஒரு வாரம் நினைவிருக்கும். காதைச் சொன்னால் ஆயிரம் ஆண்டு நிற்கும்."

அது கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதற்குக் கெட்ட எண்ணம் கிடையாது. தில்லைநாயகம்தான் தயங்கித் தயங்கிப் பழத்தை நீட்டினார். "ஊர் ஒத்துமைக்காகத்தாம்மா. கொஞ்சம் விட்டுக்குடுங்க."

சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கல் நட்டார்கள். ஊருக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொருவரும் முகமூடிக்கு மேலே இடது காதோரம் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். விரல் படுகிற இடத்தில்தான் பட்டி. ஒருவரும் அதை இழுத்துப் பார்க்கவில்லை. பூங்காவனம் அதைப் பார்த்துப் பார்த்து நொந்து போனாள். சட்டைக் காலரில் நூல் கோத்த ஊசியைக் குத்திக்கொண்டு, அகப்பட்டவர்களின் பட்டியை எல்லாம் வழிமறித்துத் தைத்தாள். புருஷன் போன துக்கம், பாவம், என்றார்கள்.

முதல் வருஷத் திருநாள் வந்தது. கல்லுக்கு மாலை, பாட்டு, பஜனை. பொங்கல் விநியோகம் தொடங்கும்போது தக்காளிக் கூடத்தின் கூரை மறுபடி விரிசல் விட்டது, விளக்குகள் அணைந்தன, மங்கலான பகல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

ஊரே முகமூடியை மாட்டியது. பாதிப் பேர் காதோரம் கைவைத்துக் கல்லைச் சுற்றி நின்று, "வீரா, வா!" என்று அழைத்தார்கள். மீதிப் பேருக்கு ரோஷம் வந்தது. ஒருவர் ஓடிப்போய்ச் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்துத் தோற்பார். "விலகுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அடுத்தவர் வருவார். கூடப் பிடி என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கதையில் கோதண்டன் யாரையும் கேட்கவில்லையே!

"தனித்தனியா சாகவா பொறந்தீங்க?" பூங்காவனத்தின் குரல் பாட்டையும் மீறிக் கேட்டது. "ஜப்பாரு, இங்க வா! தடியா நிக்கிறியே, நீ வா! மேளக்காரரே, அதைக் கீழ போட்டுட்டு வாங்க!"

வந்த மூவரின் பட்டியையும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஜப்பாருடையது நைந்திருந்தது. காலரிலிருந்து ஊசியை உருவினாள்.

"அக்கா, காத்து போவுதுக்கா!"

"போவட்டும். மூணு தையல். அசையாத நில்லு."

மூன்று தையல் போட்டாள். பிறகு நாலு பேரும் தம் கட்டித் தள்ளினார்கள். கதவு மூடியது. யாரும் சாகவில்லை. பூங்காவனம் சக்கரத்தடியில் உட்கார்ந்து, ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் ஓவென்று அழுது தீர்த்தாள்.

பதினோராம் நாள் வாசலில் நீல விளக்கு தெரிந்தது.

"நான்தான் சாகலியே?"

"உயிரோடு இருப்பவர்களுக்கும் சட்டத்தில் இடமுண்டு. தாய்த்தெய்வப் பிரிவு" என்று வாசிக்கத் தொடங்கியது புராணி. "பூங்காவனத்தம்மை. எட்டுக் கரத்தாள். ஒரு கரத்தில் ஊசி. எட்டுக் கரத்தாலும் சக்கரம் சுழற்றினாள்."

"எட்டுக் கையா?"

"சக்கரத்தில் கடைசியாக எட்டுக் கைகளின் ரேகை பதிந்துள்ளது."

"அது நாலு பேரு கைடா, கூறு கெட்டவனே!" என்று கத்தியவள் சட்டென்று நிறுத்தினாள். "இரு. உன் வயித்துல இருக்கிற கதையில எல்லாம் நிறையக் கையோட சாமிங்க வருதே. அந்தக் கையெல்லாம் யாரோடதுன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

புராணி தன் மூவாயிரம் கதையையும் புரட்டிப் பார்த்தது. ஒரு விநாடியில் புரட்டும் இயந்திரத்துக்கு ஐந்து விநாடி பிடித்தது.

"இல்லை, அம்மா. ஒருவரும் கேட்டதில்லை."

கேட்காமல்தான் சிலையும் வைத்தார்கள். எட்டுக் கையோடு அழகாகவே இருந்தது. திறப்பு விழாவன்று பூங்காவனம் கூட்டத்தில் கடைசியாகப் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் தில்லைநாயகம், கண்ணில் நீர் வழிய, இடது காதோரம் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முகமூடிப் பட்டி நைந்து, ஒரு ரப்பர் வளையத்தில் தொங்கியது.

"ஏங்க, இதைத் தைக்கக் கூடாதா?"

திரும்பியவர் அவளைக் கண்டதும் பரவசமாகக் கைகூப்பினார். "நாளைக்குத் தைக்கலாம்னு இருந்தேன், தாயே. இனிமே எங்களுக்கு என்ன கவலை? உங்களுக்குத்தான் எட்டுக் கை இருக்கே!"

பூங்காவனம் தன் இரண்டு கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு காலரிலிருந்து ஊசியை எடுத்து, "குனிங்க" என்றாள்.