கழித்த அலை

தண்ணீர் இறைக்கும் பம்பை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் ரீங்காரம் மட்டும் அவள் கணினித் திரையில் நிற்கவில்லை.

சரிந்துபோன சுரங்கப்பாதைக்குச் சற்றுத் தள்ளியிருந்த தகரக் கொட்டகையில், சூடேறிய ஒயர் நாற்றத்துக்கும் மின்விசிறியின் கிரீச்சலுக்கும் நடுவே, மண்ணுக்குள் சிக்கிய தம்பியைத் தேடி அவள் உட்கார்ந்திருந்தாள். அங்கே வேலை செய்கிற எல்லோர் இடுப்பிலும் ஒரு கருவி இருக்கும். ஆளுக்கு ஓர் அதிர்வெண்ணில் விடாமல் முனகும். மண்ணின் இரைச்சலுக்குள் அந்த ஒற்றை அலை எவ்வளவு உயரம், குளிரில் அதன் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணித்துச் சொல்வது அவள் வேலை. தெரிந்த சத்தத்தை முதலில் கழித்துவிட வேண்டும். மிச்சத்தில்தான் ஆள் இருப்பான்.

தம்பியின் அதிர்வெண்ணை ஒட்டி ஓர் அலை தெரிந்தபோது, "அது நம்ம பம்ப் சத்தம்மா. கழிச்சுட்டுப் பாரு" என்று நேற்றுக் காலையில் சொன்னவர் தலைமைப் பொறியாளர். அவள் கணவர். கட்டினவர் சொல்லைச் சந்தேகப்படவா தோன்றும்? கழித்தாள். மிச்சத்தில் யாருமில்லை. "ஒண்ணுமில்ல" என்று தன் வாயாலேயே சொன்னாள். அதை நம்பித்தான் சுரங்க வாசலைக் கான்கிரீட் கொட்டி அடைத்தார்கள்.

போனில் அவரைப் பிடித்தாள்.

"பம்ப் எப்ப நின்னுச்சு?"

"முந்தாநாளே."

"அப்ப இது தம்பிங்க! உயிரோட இருக்கான். உடைக்கச் சொல்லுங்க!"

"வெளிய வந்தா சும்மா இருப்பானா? தூண் வைக்காம தோண்டச் சொன்னது யாருன்னு சொல்லிடுவான். நாம நடுத்தெருவுல நிப்போம். கான்கிரீட் மேலதான் நிக்கிறேன், கல்லாயிடுச்சு. விட்டுடும்மா."

அடப்பாவி! நான் தூக்கி வளர்த்த பிள்ளையை என் கையாலேயே புதைக்க வைத்துவிட்டாயே.

திரையில் அலை உயர்ந்தது.

மறுபடி கணித்தாள். அதிர்வெண் அசையவில்லை. உயரம் ஏறுகிறது. ஆழத்தில் பதித்திருந்த சென்சாரிலிருந்து அதற்கு மேலே இருந்ததற்கு. அதிலிருந்து அடுத்ததற்கு. தவழ்கிற மனிதனின் வேகமில்லை இது. நடுவில் பாறை. நிற்கவில்லை. பிறகு கான்கிரீட்.

அதிலும் நிற்கவில்லை.

"யாரு..." போனில் அவர் குரல் உடைந்தது. "யாருடா காலைப் பிடிக்கிறது? ஏய்! விடுடா!"

தம்பியின் அலைக்குப் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. கணவருடையது. இரண்டும் சேர்ந்து ஆழத்தை நோக்கி இறங்கின. போன் துண்டிக்கப்படவில்லை. வாய் நிறைய மண்ணோடு, அவர் மூச்சு அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.