வாஷ்பேசின் வாக்குமூலம்

"ஐயோ... மாமா!"

மருமகளின் அலறல் பக்கத்து வீட்டையும் எழுப்பியது.

பெரியவர் தன் அறைக் குளியலறையில் குப்புறக் கிடந்தார். நெற்றியில் ரத்தம். மூடப்படாத குழாய். அடைத்துக்கொண்ட வாஷ்பேசின் தளும்பித் தளும்பி வழிந்தது.

மூச்சு இருந்தது... கொஞ்சம்தான்!

ஆம்புலன்ஸில் ஒருவருக்குத்தான் இடம். அப்பாவைப் பார்க்க வந்து தங்கியிருந்த பெரியவரின் மகள் ஏறிக்கொண்டாள். மருமகள் வெள்ளத்தை வழித்தெடுத்துவிட்டு, வாஷ்பேசினுக்கு அடியில் வாளியை வைத்து மண்டியிட்டாள்.

"அந்தப் பைப்பைத் தொடாதீங்க அண்ணி!"

வாசலில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாத்தனார். அவளுக்குப் பின்னால்... இன்ஸ்பெக்டர்!

"ஏம்மா, மாமனார் உசிருக்குப் போராடுறார். நீங்க பைப்பு கழட்டுறீங்களா?"

"தண்ணி ஹால் வரைக்கும் வந்துடுச்சு சார்... அடைப்பை எடுத்துட்டு ஓடி வரலாம்னு..."

"நெத்தி அடி பெருசில்லையாம். ஆனா நுரையீரல் பூரா தண்ணின்னு டாக்டர் சொல்றார்."

இதயம் களைத்துப்போனால் உடம்பில் தண்ணீர் தேங்கும். முதலில் காலில்... பிறகு மூச்சுப்பையில்! அதைச் சிறுநீராக வெளியேற்றத்தான் மாத்திரை. மாத்திரை நின்றால், மனிதன் கட்டிலில் படுத்தபடியே மூழ்குவான்.

"ரத்தத்துல அந்த மருந்தே இல்லையாம்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

நாத்தனார் பாய்ந்தாள்.

"மாத்திரை குடுக்கிறது இவங்கதான் சார்! அண்ணன் ஊர்ல இல்ல. அட்டை காலியாகுது, அப்பா உடம்புல சேரல. அப்ப எங்க போச்சு?"

"என் கையாலதான் குடுத்தேன். அவர் முழுங்கற வரைக்கும் நின்னு பார்த்தேன்!"

"நல்லா பார்த்தீங்க!"

இன்ஸ்பெக்டரின் பார்வை வாஷ்பேசினுக்கு அடியில் போய் நின்றது.

வாஷ்பேசின் குழாய் நேராகச் சுவருக்குள் போகாது. கீழே இறங்கி, வளைந்து, கொஞ்சம் மேலேறி, பிறகுதான் நுழையும். அந்த வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் காவல்காரன். சாக்கடை நாற்றத்தை வீட்டுக்குள் விடமாட்டான். ஆனால் ஒரு கெட்ட குணம். உள்ளே விழுந்ததைச் சுலபத்தில் வெளியேயும் விடமாட்டான்!

இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மடித்தார். வளைவின் பிளாஸ்டிக் மரையைத் திருகினார்.

கறுப்புத் தண்ணீர் வாளியில் கொட்டியது. பிறகு முடிக்கற்றை. அதில் சிக்கி... டிஷ்யூ பேப்பர் உருண்டைகள்!

ஒன்றைப் பிரித்தார். உள்ளே, ஊறிப்போன வெள்ளை மாத்திரை.

இன்னொன்று. அதிலும் மாத்திரை!

"பாருங்க சார்! கொலைகாரி!"

மருமகள் அந்த உருண்டைகளையே பார்த்தாள். பிறகு அவள் கண்கள் ஒரு கணம் வெளியே, பெரியவரின் அறை ஜன்னல் பக்கம் போயின. கம்பியில் ஈரமான பெட்ஷீட் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

அவள் முகம் சிவந்தது. தலை குனிந்தது.

"இதை யார் போட்டது? சொல்லுங்க!"

"தெரியும் சார்... சொல்ல முடியாது."

"ஜெயிலுக்குப் போவீங்க!"

"போறேன்."

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். குற்றவாளிகள் தலைகுனிவதைப் பார்த்திருக்கிறார். இது வேறு மாதிரி... வேறு யாருக்காகவோ கூச்சப்படுகிற தலை!

இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஜீப் ஆஸ்பத்திரிக்குச் சீறியது.

ஊசி மருந்து வேலை செய்திருந்தது. ஆக்ஸிஜன் குழாயோடு பெரியவர் கண் திறந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் டிஷ்யூ உருண்டையை அவர் முன்னால் நீட்டினார்.

"ஐயா, உங்க மருமகளுக்கு மாத்திரையை ஒழிக்கணும்னா சமையலறையில குப்பைத்தொட்டி இருக்கு. பேப்பர்ல சுத்தி உங்க ரூம் வாஷ்பேசின்ல திணிக்க வேண்டிய அவசியமே இல்ல. வாய் கொப்புளிக்கிற சாக்குல அங்க போறது ஒருத்தர்தான்."

பெரியவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுப்பேன்... அதை முழுங்கினா அடக்க முடியல சார். பாத்ரூம் போறதுக்குள்ள... படுக்கை நனைஞ்சுடுது. இந்த வயசுல! மருமக கையால அதைத் துவைக்க விடுறதா? அதுக்குச் சாகலாம்..."

"அப்பா!" மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆரம்பத்துல நாலஞ்சு தடவை நனைஞ்சுது. மாத்திரையை ஒளிக்க ஆரம்பிச்சப்புறமும் எப்பவாவது நனைஞ்சுது. நானே கசக்கிப் போட்டேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் மாமா."

எல்லாரும் திரும்பினார்கள்.

"நீங்க சோப்பு சரியா அலசாமலே காயப் போட்டுடுவீங்க," என்றாள் மருமகள். "நீங்க தூங்கினப்புறம் எடுத்து நான் மறுபடி அலசிடுவேன். இன்னிக்கும் ஒண்ணு ஜன்னல்ல காயுது. கேட்டா உங்களுக்குக் கூச்சமா இருக்குமேன்னு கேட்கல. அன்னிக்கே கேட்டிருந்தா..."



மகள் இத்தனை நாள் அப்பாவைப் பார்க்க வந்து, அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈர பெட்ஷீட்டின் கீழேயே காபி குடித்திருக்கிறாள். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை.

"அண்ணி... நான் உங்களைப் போய்..."

"வாளியைக் கழுவணும். வீட்டுக்குப் போனதும் அதைச் செய்ங்க, போதும்."

"சார்," பெரியவர் மெல்லக் கேட்டார், "டாக்டர்கிட்ட சொன்னா வேளையை மாத்திக் குடுப்பாரா?"

"காலையில குடுத்தா ராத்திரி நிம்மதி. ஜன்னல்ல அந்த பெட்ஷீட்டைப் பார்த்ததுமே சந்தேகம்... உள்ளே வரும்போதே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்!"

நர்ஸ் ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். பெரியவர் வாயில் போட்டு, குடித்து, வெற்றியோடு நிமிர்ந்தார்.

"அப்ப என் மேல கேஸ் இல்லையே சார்?" என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் டார்ச்சை எடுத்தார்.

"இருங்க... சோதனை பாக்கி இருக்கு. வாயைத் திறங்க. ம்... இப்ப நாக்கைத் தூக்குங்க!"