பிலோமினாவின் பிசகுகள்

வெள்ளிக்கிழமைதோறும் காலையில் என் புருஷன் தன் முதல் மனைவியைக் கேட்க வருவார். உலையை மூட்டுவது நான். தூத்துக்குடிக் குரல்நிலையத்தில் சூட்டுமேடையை இயக்குவது என் வேலை. பிலோமினாவைக் கேட்க வந்த இடத்தில்தான் லூர்து என்னைப் பார்த்தார், கட்டிக்கொண்டார். அதற்காக அவளை விட்டுவிடவில்லை.

இப்போதெல்லாம் யாரும் குரலை விட்டுவைக்காமல் சாவதில்லை. இருக்கும்போதே பேச்சை ஒரு படிகத்தில் பதித்துவிடுகிறார்கள். மிளகளவுதான் இருக்கும். உள்ளே அணுக்கள் வரிசை பிசகி நிற்கும் இடங்களில்தான் பேச்சு இருக்கிறது. சூட்டுமேடையில் வைத்து, செக்கச் சிவக்கும் வரை உலையை ஏற்றி, எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால் குரல் கேட்கும். ஒவ்வொரு சூட்டிலும் சில பிசகுகள் தாமாகவே சரியாகிவிடும். கோபம் மேலோட்டமான பிசகு, முதலில் போகும். கொஞ்சல் கடைசி வரை நிற்கும்.

என் வயிற்றெரிச்சலே அதுதான். நான் முதல் தடவை கேட்டபோது பிலோமினா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். மீன் கழுவத் தெரியாதவர், ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறவர் என்று. எனக்கு அவளைப் பிடித்தே போனது. போகப் போக அவளிடம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. நானோ தினமும் அதே துண்டுக்காகக் கத்திக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் லூர்து உலை முன் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். உலை சிவந்தது.

"சாப்ட்டியளா?" என்றாள் பிலோமினா, தேன் ஒழுக.

"பாத்தியா எமில்டா, ஒரு நாளும் அவ எங்கிட்ட முகம் சுளிச்சதில்ல."

"அப்படியா சொல்லுதிய? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"அவ தங்கம்ட்டி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசையைத் திருகினேன். விதித்திருந்த சூட்டு எல்லையைத் தாண்டி உலை ஏறியது. சிவப்பு மஞ்சளானது. திரையில் மங்கலாக இருந்த எக்ஸ்-கதிர்ப் புள்ளிகள் ஊசிமுனையாகக் கூர்ந்தன. படிகத்தில் ஒரு பிசகும் மீதமில்லை. பேச்சு நின்றுவிட்டது.

"என்னாச்சு?"

"நாந்தான் சூட்ட ஏத்துனேன். இனி அவ பேச மாட்டா."

கத்துவார் என்று காத்திருந்தேன்.

"தங்கம் தங்கம்னு சொல்லி அவ எப்படி இருந்தான்னே மறந்துட்டேன்," என்றார். "ஆரம்பத்துல இருந்து நீதான கேட்டிருக்க. என்னைய ஏசியிருக்காளா? எப்படி ஏசுவா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

"ஈரத் துண்டக் கட்டில்ல போடாதியன்னு எத்தன மட்டம் சொல்லுதது? உங்க அம்மையா வந்து எடுப்பாவ?" என்றேன், அவள் இழுக்கும் அதே இழுப்பில்.

லூர்துவின் கண் நிறைந்துவிட்டது. "அவளேதான்," என்றார்.

அன்று மாலை குளித்துவிட்டு வந்தவர் ஈரத் துண்டை வேண்டுமென்றே கட்டிலில் போட்டார். பிறகு என் எதிரே, உலை முன் உட்காருவதுபோலவே, கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது.