தள்ளப் போன கை

"அய்யோ... அம்மா...!"

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மதிலோரத்திலிருந்து அந்த அலறல் கிளம்பியது.

அலறியவன் கிறிஸ்துராஜ். உடம்பு முழுக்க மதிலுக்கு வெளியே தொங்கியது. கீழே செங்குத்துப் பாறை...

அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தவன் அமலன். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வரும் சிநேகிதன்.

வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்துராஜைக் கொல்லத்தான் அமலன் அவனை மலைக்கு அழைத்து வந்திருந்தான்.

போன வாரம் செம்பட்டி ரோட்டில் அமலனின் கார் ஒரு மொபெட்டை அடித்துத் தூக்கியது. ஓட்டி வந்த விவசாயி வீரன், ஆஸ்பத்திரி போகும் வழியில் செத்துப்போனார். அமலன் வண்டியை நிறுத்தவே இல்லை.

பக்கத்து சீட்டில் இருந்த கிறிஸ்துராஜ்தான் ஒரே சாட்சி.

இன்று காலை கோட்டைப் படி ஏறும்போதே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"தூக்கமே வரலடா அமலா. நீயா போய்ப் போலீஸ்ல சொல்லிரு. அதான் உனக்கும் நல்லது."

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்டா."

"அந்தாளு பொண்டாட்டி சிவனம்மா ஆஸ்பத்திரி வாசல்ல கெடந்து அழுதுச்சாம்டா..."

"சரி, மேல போய்ப் பேசுவோம். காத்து நல்லா வரும்."

காற்று நன்றாகத்தான் வந்தது. பீரங்கி மேட்டுக்கு அப்பால் ஆள் நடமாட்டம் இல்லை. இடிந்த மதிலோரம் நின்று கிறிஸ்துராஜ் ஊரைப் பார்த்தான்.

அமலன் பின்னால் நெருங்கினான். இரண்டு கைகளையும் நீட்டினான்...

தொடுவதற்குள் ஒரு கல் பெயர்ந்தது. கிறிஸ்துராஜ் தானாகவே சரிந்தான்!

தள்ள நீண்ட கைகள் பாய்ந்து பிடித்துவிட்டன. ஏன் என்று அமலனுக்கே புரியவில்லை.

"விட்ராதடா..."

"விடமாட்டேன்டா. கீழ பாக்காத, என்னையப் பாரு."

தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. விடவில்லை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஓடி வந்து கை கொடுத்தார்கள். கிறிஸ்துராஜ் மேலே வந்து விழுந்தான்.

அவன் அமலனைக் கட்டிக்கொண்டு அழுதான். அமலனும் அழுதான். கொலைகாரனாகாமல் தப்பித்த அழுகை.

கூட்டம் கை தட்டியது. ஒருவர் வீடியோ எடுத்தார்.

மூச்சிரைக்கப் படியேறி வந்தார் இன்ஸ்பெக்டர் மகேஸ்வரி. பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"கீழ இருந்து பாத்துக்கிட்டேதான் வந்தேன். நல்ல காரியம் பண்ணுனீங்க அமலன்."

அமலன் திகைத்தான்.

"எம்பேரு எப்படி மேடம்...? இம்புட்டு சீக்கிரம் எப்படி வந்தீங்க?"

கிறிஸ்துராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"நேத்தே ஸ்டேஷன்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா, இன்னிக்கு நாம மலைக்கு வர்றதையும். அத உன்கிட்ட நேர்ல சொல்லத்தான் மலைக்கு வந்தேன். வாய் வரல..."

"நீங்களா சரண்டராக, காலைல வரைக்கும் டைம் கேட்டாரு," என்றார் மகேஸ்வரி. "குடுத்தோம். முடிஞ்சிருச்சு."

அமலனுக்கு வியர்த்தது. சாட்சி சொல்லி முடித்துவிட்ட சாட்சி! தள்ளியிருந்தால் அதையும் இன்ஸ்பெக்டரே பார்த்திருப்பார்...

சரிவான படிகளைப் பார்த்தான்.

"கால் நிக்க மாட்டேங்குது மேடம். எறங்கும்போது விழுந்துருவேன் போல."

"பயப்படாம வாங்க," என்றார் மகேஸ்வரி. "உங்களப் புடிக்கத்தான நாங்க வந்திருக்கோம்."