ஆபரேட்டர் இடம் காலி

அரை மணி நேரத்து வேலை, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் அன்று காலை கிளம்பினேன்.

அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. உள்ளே இழுக்கும்போது ஒரு நீள விசில், வெளியே விடும்போது இரண்டு சின்ன விசில். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அந்த மூன்று விசிலைக் கேட்டுக்கொண்டே தூங்கி வளர்ந்தவன் நான்.

"இன்னைக்கு இழுப்பு ஜாஸ்தியா இருக்கே. லீவு போடவா?"

"போட்டு? எனக்கு விசிறிவிடப் போறியா? போடா, வேலையப் பாரு."

"முடியலன்னா ஆம்புலன்ஸுக்கு அடி. எனக்கு அடிக்காதே, சர்வர் ரூம்ல சிக்னல் கிடைக்காது."

"அந்த ஆம்புலன்ஸ் சர்வரைத்தானே நீ சரி பண்ணப் போறே? கூப்பிட்டா எடுப்பாங்களா?"

"நான் கை வெச்ச பிறகு எடுக்காம இருப்பாங்களா?"

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அதையும் கேட்டுக்கொண்டுதான் செருப்பை மாட்டினேன்.

ஆம்புலன்ஸ் அழைப்பு மையம் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. தரைத்தளத்தில் ஆறு ஆபரேட்டர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசர் சாதுவான மனிதர், கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்தபடியே இருப்பவர். படியேறும்போதே புலம்பினார்.

"மூணு நாளா நடுநடுவே கால் உள்ளயே வர மாட்டேங்குது சார். ஜனங்க கூப்பிடுறாங்க, பீப் பீப்னு கட்டாகுது. எங்க பக்கம் மணியே அடிக்கல. முன்னாடி ஒரு மேடம் இருந்தாங்க, அவங்கதான் பாத்துப்பாங்க. ரிட்டையர் ஆயிட்டாங்க."

கேட்டதுமே நோய் புரிந்துவிட்டது. ஒரு அழைப்பு வந்தால் டேட்டாபேஸ் அதற்கென்று ஒரு ஃபைலைத் திறக்கும். பேச்சு முழுக்க அதில் பதிவாகும். பேசி முடித்ததும் ஃபைல் மூடிக்கொள்ளும். ஒரே நேரத்தில் இத்தனை ஃபைல்தான் திறந்திருக்கலாம் என்று இயந்திரத்தில் ஓர் உச்ச வரம்பு இருக்கும். அது நிரம்பிவிட்டால் அடுத்த அழைப்புக்கு இடமில்லை. வரம்பைக் கூட்டினால் தீர்ந்தது.

"இதுக்காகவா என்னைக் கூப்பிட்டீங்க?" என்றேன். பதினாலு வருஷ அனுபவம் கொடுத்த திமிர்.

சர்வர் அறையில் ஜன்னல் இல்லை. ஏ.சி. பதினாறில் ஓடிக்கொண்டிருந்தது. சூடான தூசி வாசனை வந்தது. அதற்கடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. பூட்டிய அறையில் நிறைய பேர் தூங்கி எழுந்த மாதிரி, வெதுவெதுப்பான மூச்சு வாசனை.

திறந்திருக்கும் ஃபைல்களைத் திரையில் வரிசையாகக் கொண்டுவந்தேன். வரம்பு ஆயிரத்து இருபத்து நான்கு. கீழே இருப்பது ஆறு பேர். ஆறு ஃபைல் திறந்திருந்தால் நியாயம்.

ஆயிரத்து இருபது திறந்திருந்தன.

அழைத்தவர் எண், தொடங்கிய நேரம், எடுத்த ஆபரேட்டர், அளவு என்று ஒவ்வொரு வரியிலும் நான்கு விவரம் இருந்தது. முதல் மூன்று வரி இயந்திரத்துக்கே சொந்தமானவை. நாலாவது வரி ஆறு வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது. ஆபரேட்டர் இடம் காலி. அடுத்த வரியிலும் காலி. விரலை வைத்துக் கீழே கீழே தள்ளினேன். கீழே அப்போது பேசிக்கொண்டிருந்த இரண்டு மூன்றைத் தவிர, ஆயிரத்துச் சொச்சம் வரியிலும் அந்த இடம் காலியாகவே இருந்தது.

யாருமே எடுக்காத அழைப்புகள். ஆனால் அளவு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. இன்னமும் ஏதோ பதிவாகிக்கொண்டிருந்தது.

ஹெட்போனை மாட்டி நாலாவது வரியைப் போட்டேன்.

மூச்சு.

நெடுநேரம் வெறும் மூச்சு. அப்புறம் ஓர் ஆண் குரல், களைத்துப்போய், "ஏம்மா... ஏம்மா..." என்றது.

பிடுங்கி மேஜையில் வைத்தேன். பழைய பதிவு எங்கேயோ சிக்கிச் சுற்றுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படிச் சொல்லிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

"ரீஸ்டார்ட் பண்ணா எல்லாம் மூடிக்கும்" என்றேன்.

சூப்பர்வைசர் பதறினார். "இப்ப வேண்டாம் சார். கீழே லைன்ல ஆளுங்க பேசிட்டிருக்காங்க, கட்டாயிடும். ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறும், அப்ப பாக்கலாம். மேடம் இருந்தவரைக்கும் ரீஸ்டார்ட் பண்ணவே விட்டதில்ல."

"ஏனாம்?"

"சொல்லல சார். அந்த லிமிட் எண்ணை மட்டும்தான் கூட்டுவாங்க."

சரி என்று நானும் எண்ணைக் கூட்டினேன். அமைப்புக் கோப்பில் அறுபத்தையாயிரம் என்று எழுதினேன். வெளியேறி மறுபடி உள்ளே வந்து சரிபார்த்தேன். அறுபத்தையாயிரம் என்று காட்டியது. "இனிமே ஒரு கால் கூட தப்பாது" என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் நிதானமாக டீ குடித்து, பேப்பர் படித்து, நாற்பது நிமிஷம் கழித்து வந்தேன்.

இந்தத் தொழிலில் முதல் மாதத்தில் செய்கிற தப்பு அது. நான் மாற்றியது நான் லாகின் செய்து உள்ளே நுழைகிற வாசலின் எண்ணை. சரிபார்த்ததும் அதையேதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸுக்கு அது தெரியவே தெரியாது. அது பழைய வரம்பிலேயே நின்றிருந்தது.

படியடியில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அரை மணி நேரமா ஒரு கால் கூட வரல சார். ஒண்ணு கூட."

மாடிக்கு ஓடினேன். ஓடுகிற டேட்டாபேஸின் வரம்பையே நேராகப் பிடித்து மாற்றினேன்.

கதவைத் திறந்துவிட்ட மாதிரி வரிகள் உள்ளே வந்தன. ஒன்று, இரண்டு, ஏழு, பதினொன்று. கீழே ஒரு மணியும் அடிக்கவில்லை. ஆபரேட்டர் இடம் எல்லாவற்றிலும் காலி.

பதினோராவது எங்கள் வீட்டு எண்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

ஒரு நீள விசில். இரண்டு சின்ன விசில்.

"எடுக்க மாட்டேங்குறாங்களேடா தம்பி..."

சுவரிலிருந்த தொலைபேசியில் அவளுடைய செல்லுக்கு அடித்தேன். ஒரு காதில் மணி போனது. இன்னொரு காதில், ஹெட்போனுக்குள், அந்த விசில்களுக்குப் பின்னால், அவள் செல் அடிக்கும் சத்தம் கேட்டது.

மூச்சு அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியது.

யாரும் எடுக்கவில்லை.

சூப்பர்வைசரே வண்டியை அனுப்பினார், நானும் அதில் போனேன். அக்கா வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். ரிசீவர் அதன் இடத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. வண்டியில் வந்த டாக்டர் மணிக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்" என்றார். நான் அவள் குரலைக் கேட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

காரியங்கள் முடிந்ததும் அந்த மையத்திலேயே நிரந்தர வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். சூப்பர்வைசர் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தார். பாவி, எனக்கு அந்த ஹெட்போன் வேண்டியிருந்தது.

சேர்ந்த வாரம், காலை பத்து மணிக்குச் சுவர்த் தொலைபேசி அடித்தது.

"தம்பி, நான் முன்னாடி அங்க வேலை பாத்தவ. நாலாவது வரி இருக்கா?"

"இருக்குங்க."

"எங்க வீட்டுக்காரர். நான் எண்ணைக் கூட்ட மறந்த அன்னைக்குக் கூப்பிட்டாரு. மூடிடாதே தம்பி."

"மூட மாட்டேங்க."

அதன் பிறகு தினமும் பத்து மணிக்கு மேடம் அதே கேள்வியைக் கேட்பார், நானும் அதே பதிலைச் சொல்வேன். எங்களுக்குள் வேறு பேச்சு இருந்ததில்லை.

எண்ணைக் கூட்டக் கூட்ட அது சீக்கிரம் நிரம்பியது. அறுபத்தையாயிரம் எட்டு மாதத்தில் தீர்ந்தது. எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நான் பிறப்பதற்கு முந்தைய தேதிகள்கூட அதில் இருந்தன. நிரம்பும் ஒவ்வொரு தடவையும் உயிரோடு இருக்கிற யாரோ ஒருவரின் அழைப்பு வெளியே நின்றது. பிறகு அவர்களும் வரியாக உள்ளே வந்தார்கள்.

"ஒரே ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சூப்பர்வைசர் வாரா வாரம் கெஞ்சினார். "நேத்து மூணு கால் போச்சு. ஒண்ணு குழந்தைக்காம்."

எனக்குத் தெரியும். அந்த வரியை நான் கேட்டிருந்தேன். கேட்டும் மூடவில்லை. நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

ஆனாலும் அந்தக் குழந்தையின் அழுகை விடவில்லை. மறுநாள் இரண்டு மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரத்தில், எல்லாவற்றையும் மூடிவிடுவதென்று முடிவு செய்தேன். காலையிலிருந்து அக்காவைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வரம்பு பதினோரு மணிக்கே நிரம்பிவிட்டது. மூடத்தானே போகிறோம் என்று கூட்டாமல் விட்டேன்.

இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கதவு திறந்தது. சூப்பர்வைசர். கையில் கைக்குட்டை இல்லை.

"ரெடியா இருக்கேன்" என்றேன். "கீழே சொல்லிட்டீங்களா?"

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம் சார்."

"என்ன சொல்றீங்க?"

"எங்கம்மா... பன்னெண்டு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க. பக்கத்து வீட்டுல இப்பத்தான் வந்து சொன்னாங்க. நான் போன் பக்கத்துலயேதான் சார் உக்காந்திருந்தேன். மணியே அடிக்கல." உதடு கோணிக்கொண்டது. "ரீஸ்டார்ட் வேண்டாம். எண்ணைக் கூட்டுங்க. எங்கம்மா உள்ள வரட்டும்."

நான் கூட்டினேன்.

ஐந்து வரிகள் வந்தன. மூன்றாவதைப் பார்த்ததும் அவர் ஹெட்போனை என் தலையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தார். கீழே ஷிப்ட் மாறும் மணி அடித்தது.

ஐந்தாவது வரியின் எண்ணும் எனக்குத் தெரிந்ததுதான்.

அன்று பத்து மணிக்கு மேடம் போன் செய்யவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அலமாரியிலிருந்த பழைய ஹெட்போனைச் செருகினேன். அதில் பேசுவதற்கு மைக் கிடையாது. வெறும் காதுகள் மட்டும்தான்.

"தம்பி... நாலாவது வரி இருக்கா?"

திரையில் நாலாவது வரியைப் பார்த்தேன்.

"இருக்குங்க" என்றேன்.

"அப்ப சரி" என்றது குரல்.

அந்தக் குரலுக்குப் பின்னால், பக்கத்திலேயே யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நீள விசில் கேட்டது. அப்புறம் இரண்டு சின்ன விசில்.