தேன் நிற எண்ணெய்

"இந்தப் பொண்ணை வேலையை விட்டுத் தூக்கறீங்களா இல்லையா? என் இன்ஜினைக் கொன்னது இவதான்!"

மதியம் 3.10, கார் ஒர்க்‌ஷாப். பல் டாக்டர் விரலை நீட்டிய இடத்தில் பெண் மெக்கானிக் நின்றாள். மூன்று வாரத்துக்கு முன் அவருடைய டீசல் காருக்கு எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியவள். இன்று காலை எண்ணெய் முழுக்க ஒழுகி, நடுரோட்டில் இன்ஜின் இறுகிவிட்டது. அவள் தப்பு என்றால் ஐந்து மணியோடு வேலை காலி என்று முதலாளி சொல்லிவிட்டார்.

காருக்கு அடியில் படுத்திருந்த பரிசோதகி ஃபில்டரைக் கழற்றினாள்; எந்நேரமும் டார்ச்சோடு திரிவதால் அவளுக்கு டார்ச்சக்கா என்று பெயர். ரப்பர் வளையம் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை முறுக்கியிருந்தார்கள்.

"பாத்தீங்களா லட்சணத்தை!" டாக்டர் துள்ளினார்.

"அக்கா, பழைய ரிங்கை நான் எடுத்துட்டேன். சத்தியமா!" மெக்கானிக் கெஞ்சினாள்.

டார்ச்சக்கா ஃபில்டரை வெள்ளைத் துணியில் கவிழ்த்தாள். மிச்ச எண்ணெய் மங்கிய தேன் நிறத்தில் படர்ந்தது.

3.25.

"பானட்டைத் திறந்து எதையாவது தொட்டீங்களா டாக்டர்?"

"நானா? எனக்கு வேற வேலை இல்லையா?"

"மணிக்கட்டுல என்ன கட்டு?"

"டீ கொட்டிருச்சு."

"வழியில டேஷ்போர்டுல சிவப்பு விளக்கு எரிஞ்சுதா?"

"ஏதோ எரிஞ்சுது. சென்சார் கோளாறுன்னு நெனச்சு ஓட்டிட்டேன்."

"எவ்ளோ தூரம்?"

"ஏழு கிலோமீட்டர்தான்."

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். இவரிடம் வாயைத் திறந்து காட்டவும் ஆட்கள் இருக்கிறார்களே என்று டார்ச்சக்காவுக்குத் தோன்றியது.

"மூணு வாரம் ஓடின டீசல் எண்ணெய் மை மாதிரி இருக்கும். இது புதுசு. ரெட்டை ரிங்கும் மூணு வாரம் தாங்காது, மூணு மணி நேரமே அதிகம். இன்னிக்குக் காலைல மாத்தினது இது. பழைய எண்ணெயைச் சூடா வடிச்சதுல கை வெந்திருக்கு. அந்த மேதாவி நீங்கதானே?"

டாக்டர் கட்டுப்போட்ட கையைப் பின்னால் மறைத்தார். "எண்ணெய் கறுத்திருந்துச்சு. அப்படின்னா கெட்டுப்போச்சுன்னு யூடியூப் வீடியோல ஒருத்தன் சொன்னான்."

"இன்ஜின் அழுக்கை வாங்கிக்கிட்டா கறுக்கத்தான் செய்யும். அதான் அதோட வேலை. பழசை எங்க ஊத்தினீங்க?"

"சாக்கடைல."

"பிரமாதம்! ஒருத்தன் பல்லை வீட்டுலயே பிடுங்கிட்டு வந்து உங்க மேல பழி போட்டா சும்மா இருப்பீங்களா?"



4.40. முதலாளி மெக்கானிக்கிடம் வந்தார். "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. இந்த இன்ஜினைப் பிரிச்சுக் கட்ட உன்னை விட்டா ஆளில்ல." டாக்டரின் கார் சாவியை நீட்டினார்.

டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. "எப்ப ரெடியாகும்?" என்று மட்டும் அவளிடம் கேட்டார்.

நீங்களே சொல்லுங்கள், அவள் இடத்தில் இருந்தால் அந்தச் சாவியை வாங்குவீர்களா?